காட்டணிலும் கோக்கோ மரமும்

மேற்கு மலைத் தொடரின் ஈரக் காடுகளில் வசிக்கும் 3 வரிக் காட்டணில், வீட்டுக் கூரையில் திரியும் அணிலுக்கு நெருங்கிய உறவு. நிறம் மாத்திரம் சற்றுக் கருமை. பகலில் இரை தேடும். நாரும் புல்லும் கொண்டு உருண்டையாய்க் கூடு கட்டி, கண் திறவாத, மயிரற்ற குட்டிகளை அதில் தாய் பேணும். கனி, கொட்டைகளோடு பூச்சிகளையும் தின்பதால் இதனை முற்றிலும் சத்துரு என்பது நியாயமன்று.

ஆயினும் காட்டோரத்துக் கமுகந் தோட்டங்களில் கோக்கோ பயிரிட்டவர்களுக்கு இதனால் நஷ்டம் மெய்யே. பழுத்த காயின் ஓட்டைக் குடைந்து விதைகளை எடுத்துவிடும். பிஞ்சை அவ்வளவாகத் தீண்டாது. ஆகையால் பழுத்தவற்றை மரத்தில் விட்டுவைக்கலாகாது. ஒருவர் பறித்து, அடுத்த தோட்டத்தார் வாளாவிருந்தால் பயனில்லை, அணிலுக்கு வேலி ஏது? 10 முதல் 15 நாட்களுக்கொரு முறை, சங்கத்தார் யாவரும் ஒரே சமயத்தில் பறித்தல் வேண்டும்.