'ஆல்' என்னும் விகுதி

'மழை பெய்தால் முற்றம் நனையும்.' இவ்வாக்கியம் மழை பெய்தது என்றும் கூறவில்லை. முற்றம் நனைந்தது என்றும் கூறவில்லை. இரண்டுக்கும் உள்ள தொடர்பையே கூறுகிறது. தொல்காப்பியர் வினையியலில் சொன்ன 'செயின்' என்னும் வினையெச்ச வாய்பாட்டின் வேலையை இன்று 'செய்தால்' செய்கிறது.

முற்றம் நனைந்திருக்கக் கண்டதும் மழை பெய்தது என முடிவுகட்டலாமா? கூடாது. யாரேனும் நீர் தெளித்திருக்கலாம். ஆனால், முற்றம் காய்ந்து கிடந்தால் மழை பெய்யவில்லை எனத் துணியலாம். மணிமேகலையின் 29ஆம் காதை ஏதுவையும் ஏதுப் போலியையும் அவ்வளவு விரிவாகப் பேசுவது இத்தகைய வேறுபாடுகளுக்காகத்தான். வகுப்பிலே அக்காதையை நாம் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம்!

பரீட்சை முடிவுகள் வெளியாகும் காலத்தில் வீடுகளிலே கேட்கும் வாதம் ஒன்றுண்டு. "படித்தால் சித்தியடைவாய். நீ சித்தியடையவில்லை. ஆகவே நீ படிக்கவில்லை." காய்ந்த முற்றத்து நியாயமேதான் இதுவும். வடிவத்தில் குற்றமில்லை, பிள்ளையால் மறுத்துரைக்க முடியாது. ஆனால், இரவிரவாகப் படித்தும் தவறிய பிள்ளைகள் பலரை நான் அறிவேன். அப்படியாயின் வழு எங்கே? முடிவிலன்று, எவரும் ஐயுறாத அந்த முதல் வாக்கியத்திலே! மழைக்கும் முற்றத்துக்கும் உள்ள உறுதி, படிப்புக்கும் சித்திக்கும் இல்லை. வினாத்தாள், உடல்நிலை, வீட்டுச் சூழல் எனக் குறுக்கே நிற்பவை எத்தனையோ.

தமிழ் இதற்கும் வழி வைத்திருக்கிறது. 'படித்தால்' என்பதோடு ஓர் உம்மையைச் சேர்த்துப் பாருங்கள்: 'படித்தாலும் தவறலாம்.' அந்த வீட்டிலே பிள்ளை சொல்லத் தவித்த வாக்கியம் அதுதான்.