சுவருக்குள் ஒரு கணினி



1999 ஜனவரி. டெல்லி கல்காஜியில் ஒரு மதில்சுவர். ஒரு பக்கம் என்.ஐ.ஐ.டி. நிறுவனத்தின் அலுவலகம், மறுபக்கம் குடிசைப் பகுதி. அந்த நிறுவனத்தில் பணியாற்றிய சுகதா மித்ரா சுவரில் துளை போட்டு, இணைய வசதியோடு ஒரு கணினியைப் பதித்து வைத்தார். சொல்லித்தர ஆசிரியர் யாரும் இல்லை.

பிள்ளைகள் கூடினார்கள். தொட்டுப் பார்த்து, ஒருவருக்கொருவர் கேட்டுச் சொல்லி, தாங்களாகவே அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆங்கிலம் தெரியாது, அதனால் பெயர்களையும் அவர்களே வைத்தார்கள். திரையில் நகரும் அம்புக்குறி அவர்களுக்கு ஊசி. காத்திருக்கச் சொல்லும் மணற்கடிகாரம், சிவபெருமான் கையிலிருக்கும் உடுக்கை! எவ்வளவு அழகான கற்பனை!

இன்று கணினியைத் தேடிச் சுவருக்குப் போக வேண்டாம். கையிலேயே போன் இருக்கிறது. ஆனால், தானாகக் கற்பது ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். நாள் முழுக்க ரீல்ஸ் பார்க்கிற தம்பி, கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துக் காத்திருக்கிறான். பகுதிநேர வேலை என்று வரும் லிங்க்கை நம்பி, அம்மாவின் சேமிப்பை இழக்கிறான். அங்கேதான் கூட இருந்து சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும்.

உங்கள் தெருவில் அப்படியொரு பிள்ளை இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். விண்ணப்பத்தை அவன் கையாலேயே நிரப்பச் செய்யுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு யு.பி.ஐ. பின் நம்பரைப் போடவே தேவையில்லை என்று சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால், தாமதிக்காமல் அழைக்க வேண்டிய சைபர் மோசடி உதவி எண் 1930.