கைக்குள் எத்தனை எச்.பி.?



காரைக்கால் பக்கத்து அம்பகரத்தூர் பத்ரகாளியம்மன் கோயில் வைகாசித் திருவிழாவுக்கு வந்தவர்களுக்குச் சுற்றிலும் போடும் கடைகள் நினைவிருக்கும். வளையல், பலூன், பேரீச்சம்பழம், சொப்புச் சாமான். தொண்ணூறுகளில் அந்த வரிசையில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்தது. ஒரு சாண் நீளத்துக்குப் பிளாஸ்டிக் பெட்டி, மேலே மங்கிய பச்சைத் திரை, கீழே பொத்தான்கள். நாங்கள் அதை 'வீடியோ கேம்' என்போம். நெற்றியில் 9999 விளையாட்டுகள் என்று அச்சடித்திருக்கும். இரண்டு பென்சில் பேட்டரிக் கட்டை போட்டால் வாரக்கணக்கில் ஓடும். அப்பாவின் சட்டையை இழுத்து இழுத்து அதை வாங்கிய பிள்ளைகளில் நானும் ஒருவன்.

போன லீவில், இன்றைய கையடக்க வீடியோ கேம் ஒன்றைப் பற்றி அக்கா மகன் கேட்டான்: "மாமா, நிண்டெண்டோ ஸ்விட்ச் எவ்வளவு பவர்?" ஒரு எண்ணைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது சரியான பதில் ஆகாது.

நம் ஊர் விவசாயியிடம் மோட்டார் வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை எச்.பி. என்பதை அவர் கடைசியில்தான் கேட்பார். போர் எத்தனை அடி, தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, மும்முனைக் கரண்ட் எத்தனை மணி நேரம் வரும், இவைதான் முதல் கேள்விகள். கையில் பிடித்து விளையாடும் கருவியையும் அப்படித்தான் விசாரிக்க வேண்டும்.

அந்தத் திருவிழாப் பெட்டியிலிருந்தே தொடங்குவோம். திருகாணியைக் கழற்றினால் உள்ளே சின்னப் பலகையில் மெழுகு சொட்டியது போல ஒரு கருப்புப் பொட்டு இருக்கும். சில்லு அதற்கு அடியில்தான். அந்தப் பெட்டிகள் பலவற்றில் இருந்தது தைவானின் ஹோல்டெக் நிறுவனம் செய்த நான்கு பிட் சில்லு. அவ்வளவு எளிய சில்லு போதுமா? போதும். திரையில் குறுக்கே 10, நெடுக்கே 20, ஆக 200 கட்டங்கள். ஒவ்வொன்றும் கருப்பா வெறுமையா என்று குறித்துக்கொள்ள 200 பிட், அதாவது 25 பைட். 'அம்பகரத்தூர்' என்ற பெயரை இன்றைய கணினியில் தட்டச்சு செய்து சேமித்தால் 36 பைட் ஆகும். நம் ஊர்ப் பெயருக்கு வேண்டிய இடம்கூட அந்த ஆட்டக்களத்துக்கு வேண்டாம். அந்தப் பெட்டியில் நாங்கள் விளையாடிய, விழும் கட்டைகளை அடுக்கும் ஆட்டமான டெட்ரிஸை 1984-இல் மாஸ்கோவில் உருவாக்கிய அலெக்ஸி பஜித்னோவின் கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது. எழுத்துக் குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். 9999 கதையும் அதே சிக்கனம்தான். அடிப்படை ஆட்டங்கள் கொஞ்சம்தான், வேகத்தையும் படிநிலையையும் மாற்றி மாற்றி எண்ணிக்கையை ஏற்றியிருந்தார்கள்.

அடுத்து, 1989-இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோவின் கேம் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு பிட் சில்லு, வேகம் 4.19 மெகாஹெர்ட்ஸ், வேலை நினைவகம் 8 கிலோபைட். நான் இப்போது வாசிக்கும் இந்த உரையில் ஏறக்குறைய பாதிதான் அதற்குள் அடங்கும். திரையிலோ 23,040 புள்ளிகள், நான்கு சாயல்கள். முழுப் படத்தையும் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டால் 5,760 பைட் போய்விடும். அதனால் எட்டுக்கு எட்டுப் புள்ளியில் ஒரு செங்கல், ஒரு மேகம், ஒரு எழுத்து என்று சின்ன அச்சுகளைச் செய்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் எந்த அச்சு என்பதை மட்டும் குறித்துக்கொண்டார்கள். திரைக்கு 360 எண்கள் போதும். கோல அச்சை வைத்து வாசல் முழுக்க நிரப்புகிறோமே, அந்த வேலைதான் இது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

கேம் பாயை வடிவமைத்த கும்பெய் யோகோய், பழகித் தேர்ந்த, விலை மலிந்த பாகங்களையே வேண்டுமென்று எடுத்தவர். அடுத்த ஆண்டே சேகா நிறுவனம் கேம் கியரைக் கொண்டுவந்தது. வண்ணத் திரை, பின்னால் விளக்கு. ஆனால் ஆறு கட்டை போட்டாலும் மூன்று முதல் ஐந்து மணி நேரம்தான். கேம் பாய் நான்கு கட்டையில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கேம் கியர் ஒரு கோடியை ஒட்டி விற்றது. கேம் பாய், பிறகு வந்த அதன் வண்ண வடிவத்தையும் சேர்த்து, 11 கோடியே 80 லட்சத்தைத் தாண்டியது.

2004-இல் வந்த சோனியின் பிஎஸ்பி சில்லால் 333 மெகாஹெர்ட்ஸில் ஓட முடியும். ஆனால் தொடக்கத்தில் விளையாட்டுகளுக்கு 222 வரைதான் அனுமதி. கடிவாளம் போட்டது பேட்டரிக்காக. (அந்தக் கருவிக்கு 2009-இல் ஐதராபாத்தின் கேம்சாஸ்திரா நிறுவனம் 'தேசி அட்டா' என்று ஒரு விளையாட்டைச் செய்தது. கபடி, பட்டம், நம் கிட்டிப்புள் எல்லாம் அதில் உண்டு. நம் தெரு அந்தச் சில்லுக்குள் போனதில் எனக்குப் பெருமைதான்.)

இப்போது அக்கா மகன் கேட்ட ஸ்விட்ச். 2017-இல் வந்தது, உள்ளே என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1. டிவியோடு இணைத்து மின்சாரத்தில் ஓடும்போது படம் வரையும் பகுதி 768 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். கையில் எடுத்ததும் அது பெரும்பாலும் 384-க்கோ 307-க்கோ இறங்கிவிடும். ஒரே கருவி, ஒரே சில்லு, திறன் மட்டும் பாதி. மும்முனைக் கரண்டுக்கும் ஒருமுனைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

2022-இன் ஸ்டீம் டெக் இன்னும் பலசாலி. ஆனாலும் அதன் சில்லுக்கு உச்ச வரம்பு 15 வாட், வீட்டில் எரிந்த பழைய 40 வாட் டியூப்லைட்டில் பாதிகூட இல்லை. அதற்குள்ளேயே கணினி விளையாட்டுகளை ஓட்டுகிறது. லேசான ஆட்டமானால் எட்டு மணி நேரம், கனமானதானால் இரண்டு மணி நேரம் என்று அதைச் செய்த வால்வ் நிறுவனமே சொல்கிறது.

பேட்டரிக்கு அடுத்த பிரச்சினை சூடு. சில்லு உண்கிற மின்சாரம் எல்லாம் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். அது வெளியேறும் இடம் நம் உள்ளங்கைக்கு அருகில். ஸ்விட்சை 5 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பத்தில் பயன்படுத்துங்கள் என்கிறது நிண்டெண்டோ. காரைக்கால் பக்கத்தில் அக்னி நட்சத்திரத்தின்போது திண்ணையே அதைத் தாண்டிவிடும். அதனால் அக்கா மகனிடம் சொன்னேன்: மத்தியானத்தில் விளையாடுவதானால் உள்ளறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார், காற்று போகும் ஓட்டையைத் தலையணையால் மூடாதே, சார்ஜ் போட்டபடி மெத்தைமேல் வைக்காதே. "அப்ப சாயங்காலமே விளையாடுறேன் மாமா" என்றான்.