முன்பாரமும் பின்பாரமும்



காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு ஒன்று உண்டு. அமெரிக்காவில் அதனை டிராவல் டிரெய்லர் என்பர். நாம் இழுவை வீடு என்று சொல்லிக்கொள்வோம். பழைய இழுவை வீட்டை முதன்முதல் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை பற்றிச் சில சொல்ல வந்திருக்கிறேன். ‘இதை நாங்கள் எங்கே வாங்கப் போகிறோம்?’ என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. 34 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்கு அந்த முணுமுணுப்புப் புதிதன்று. உங்களுள் சிலர் மேற்படிப்புக்காக அந்நாட்டிற்குச் செல்லக்கூடும். செல்லாதவர்க்கும் இதில் நெம்புகோல் பாடம் ஒன்று இருக்கிறது. அப்பாடத்தை ஆண்டுதோறும் நடத்திய நானே அதில் தேறாமற்போன கதையும் இருக்கிறது.

2019ஆம் ஆண்டுக் கோடையில், மினசோட்டா மாநிலத்தில் என் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். 13 அடி நீளமுள்ள பழைய இழுவை வீடு ஒன்றை வாங்க அவன் எண்ணினான். கண்ணாடியிழையால் ஆனது, பார்ப்பதற்கு ஒரு பெரிய முட்டையைப் போல இருந்தது. இவ்வகை வீடுகளுக்கு முன்னோடியான ஒன்று 1968இல் கனடாவின் வின்னிப்பெக் நகரில் பிறந்தது. ரே ஒலெக்கோ என்பவர் கண்ணாடியிழையில் கழிவுநீர்த் தொட்டி செய்தவர். அதே பொருளில் வீடு ஒன்றை வார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. போலர் என்று அதற்குப் பெயர் வைத்தார். தொட்டியிலிருந்து வீடு பிறந்த கதை இது. மேல் ஓடு ஒன்று, கீழ் ஓடு ஒன்று. இரண்டையும் இடுப்பில் பொருத்தினால் வீடு. எடை குறைவு. ஆதலால் சிறிய காரும் இழுக்கும்.

ஓடு மக்காது. ஆனால் நாங்கள் பார்த்த வீட்டின் தரை ஒட்டுப்பலகை. உள்ளே புதிய திரைச்சீலைகள், தரையில் புதிய விரிப்பு. என் மகன் மனம் மகிழ்ந்து விலை பேசத் தொடங்கிவிட்டான். என் மருமகளோ மூலைகளையெல்லாம் குதிகாலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள். சன்னலுக்குக் கீழே வந்ததும், “மாமா, இங்கே தரை அமுங்குகிறது” என்றாள். விரிப்பைத் தூக்கினோம். பலகை கறுத்து, பஞ்சுபோல் ஆகியிருந்தது. மழைநீர் சன்னல் ஓரமாகக் கசிந்து, பல ஆண்டுகள் யாரும் அறியாமல் தன் வேலையைச் செய்திருக்கிறது. பழைய இழுவை வீட்டிற்கு முதற்பகை நீர்தான். சன்னல், கூரைத் துளை, விளக்கு பொருத்திய இடம் ஆகிய ஒவ்வொன்றும் நீர் நுழையும் வாயில். கண்ணை நம்பாதீர்கள், குதிகாலையும் மூக்கையும் நம்புங்கள். குழாயால் வெளியே நீரைப் பாய்ச்சி, உள்ளே கையால் தடவிப் பார்ப்பது இன்னும் நல்லது. உரியவர் விலையைக் குறைத்தார். நாங்கள் பலகையை அறுத்து மாற்றி, சன்னல்களைக் கழற்றிப் புதிய ஒட்டுப்பட்டை வைத்துப் பொருத்தினோம்.

டயர்களும் அப்படித்தான். மேடுபள்ளங்கள் தேயாமல் புதியனபோல் காட்சியளித்தன. டயரின் பக்கவாட்டில் வரும் எண்வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படித்தோம்: 3109. அதாவது, 2009ஆம் ஆண்டின் 31ஆம் வாரத்தில் செய்யப்பட்டது, வயது பத்து. இழுவை வீட்டின் டயர் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்று கெடுவதே மிகுதி. ஆகவே மாற்றிவிட்டோம். சக்கரத்தின் பேரிங்குகளைக் கழற்றித் துடைத்துப் புதிய கிரீஸ் இட்டோம். இதனை ஆண்டுக்கு ஒருமுறை செய்வது நல்லது. சமையல் வாயுக் குழாயின் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினோம். குமிழி எழுந்தால் கசிவு என்று பொருள், நல்லவேளையாக எழவில்லை. குளிர்காலம் வருமுன் குழாய்களிலுள்ள நீரை வடித்துவிடவேண்டும். அந்நாட்டுக் குளிரில் நீர் உறைந்து விரிந்து குழாயைப் பிளந்துவிடும்.

காரோடு மாட்டும்போது இரண்டு சங்கிலிகளையும் குறுக்காகப் பின்னி மாட்டச் சொல்கிறார்கள். கொக்கி கழன்றாலும், வண்டியின் மூக்கு சாலையில் குத்தாமல் அப்பின்னலில் தொட்டில்போல் விழும். எவ்வளவு எளிய சிந்தனை!

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு, சாமான் ஏற்றும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். பின்புறப் பெஞ்சுக்கு அடியில் இடம் தாராளமாக இருந்தது. 20 கிலோ அரிசி மூட்டை, மாவரைக்கும் கிரைண்டர், இரண்டு தண்ணீர்க் கேன்கள் எல்லாவற்றையும் அங்கே ஒழுங்காக அடுக்கினேன். கிரைண்டர் எதற்கு என்று கேட்காதீர்கள். இட்லியில்லாமல் ஒரு வாரம் கழியாது என்பது என் பிடிவாதம்.

வடக்கே டுலூத் நகரை நோக்கிச் சென்றோம். நகரை நெருங்குகையில் தாம்சன் குன்றிலிருந்து நெடுஞ்சாலை நீண்ட இறக்கமாக இறங்குகிறது. கீழே சுப்பீரியர் ஏரி கடல்போல் விரிந்து கிடக்கும். பேரனும் பேத்தியும் ஏரியைக் கண்டு கூவினார்கள். அவ்வேளையில் பெரிய லாரி ஒன்று எங்களைக் கடந்து சென்றது. அதன் காற்று பட்டதும் பின்னாலிருந்த வீடு இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. ஒவ்வோர் ஆட்டமும் முன்னதைவிடப் பெரிதாயிற்று. காரின் பின்புறத்தையே அது பிடித்து உலுக்கியது. குழந்தைகளின் கூவல் அலறலாக மாறியது. என் மகன் கால் பிரேக்கை மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ! முடுக்கியிலிருந்து காலை எடுத்தான். சக்கரத்தைத் திருப்பாமல் நேராகப் பிடித்தான். இழுவை வீட்டிற்கு மட்டும் உரிய பிரேக்கைக் கையால் இயக்கினான். ஆட்டம் அடங்கிற்று. சாலையோரம் நிறுத்தியபின் சற்று நேரம் எவரும் பேசவில்லை.

பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்: “அப்பா, சாமான்களை எங்கே வைத்தீர்கள்?”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் மாட்டு வண்டிக்காரர் மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்று சொல்லிக்கொண்டே ஏற்றுவார். அச்சுக்குப் பின்னால் பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் மிகுந்தால் கழுத்தை அழுத்தும். பள்ளிக்கூடம் போகாத அவர், ஒரு மூட்டையை ஒரு சாண் நகர்த்திச் சரிசெய்துவிடுவார். அவரையே சான்று காட்டி நெம்புகோல் பாடம் நடத்தியவன் நான். இழுவை வீடும் அச்சின்மீது நிற்கும் நெம்புகோலே. மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு, முன்னேயுள்ள கொக்கியில் அழுந்தவேண்டும். குறைந்தால் வண்டி ஆடும். மிகுந்தால் காரின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி தளரும்.

டுலூத்தில் குளியலறை எடைப்பொறி ஒன்று வாங்கினோம். சமதளத்தில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்கு அணை வைத்தோம். எடைப்பொறிமேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன்மேல் வண்டியின் மூக்கை இறக்கினோம். சாமான்களுடன் வண்டி ஏறத்தாழ 725 கிலோ. மூக்கில் 72 கிலோவாவது இருக்கவேண்டும். பொறி காட்டியது 35. மூட்டையையும் கிரைண்டரையும் கேன்களையும் அச்சுக்கு முன்னால், தரையோடு ஒட்டி வைத்துக் கட்டினோம். மீண்டும் நிறுத்தோம்: 78. ஊர் திரும்பும் வழியில் எத்தனையோ லாரிகள் கடந்து சென்றன. வண்டி ஆடவில்லை.

இப்போதும் அவர்கள் புறப்படுமுன் எடைப்பொறியை வெளியே எடுக்கிறார்கள். எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுவது என் பேத்தியின் வேலை. எழுதியபின் எனக்குத் தொலைபேசியில் சொல்வாள். சென்ற கோடையில் அவள் சொன்னது 81. “தாத்தா, கிரைண்டர் முன்னால்தான் இருக்கிறது” என்றும் சேர்த்துக்கொண்டாள்.