ஏழாம் சுற்றில் வந்தவர்



பந்தைப் பெரும்பாலும் தொடாமலே விளையாடும் ஒருவரைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விழைகின்றேன்.

அமெரிக்க உதைபந்தாட்டத்திலே ‘லைன்மன்’ எனப்படுவோர் பந்துடன் ஓடுவதில்லை. எதிரணியினரை மறித்து, பந்தெறிபவரைக் காப்பதே அவர்தம் கடமை. சிட்னியில் வாழ்ந்த சமோவாக் குடும்பமொன்றில் பிறந்த ஜோர்டான் மைலாட்டா, றக்பி ஆடி வளர்ந்தவர். 2018ஆம் ஆண்டுத் தெரிவின் ஏழாவதும் இறுதியுமான சுற்றிலே, 233ஆவது ஆளாக, பிலடெல்பியா ஈகிள்ஸ் கழகம் அவரை எடுத்தது. அன்றுவரை அவர் அவ்விளையாட்டில் ஒரு போட்டியேனும் ஆடியவரல்லர்!

பயிற்சிக்கு வந்தோர் தொண்ணூறு பேர். அணியில் நிலைப்போர் 53 பேரே. கடைசிச் சுற்றில் வந்தோர் பலர் இவ்விடத்திலேயே விடைபெறுவர். மைலாட்டாவின் பெயரோ 53இல் இடம்பெற்றது.

ஆயினும், முதலிரு ஆண்டுகளும் கணக்கில் சேரும் போட்டி எதிலும் அவர் இறங்கவில்லை. முதுகு நோவும் தடையாயிற்று. ஜெவ் ஸ்டௌட்லண்ட் என்னும் பயிற்றுநர் காலடி வைக்கும் முறை முதற்கொண்டு அவருக்குக் கற்பித்தார். 2020இல் அவர் களமிறங்கினார். 2025 பெப்ரவரியில் ஈகிள்ஸ் அணி 40–22 என்று கன்சாஸ் சிற்றி அணியை வென்று ‘சூப்பர் போல்’ பட்டம் பெற்றபோது, இடப்புறம் காத்து நின்றவர் அவரே.

பெரியோர்களே, அவரைத் தெரிந்தெடுத்ததினும் பெரிது, ஈராண்டு பொறுத்திருந்து பயிற்றியதே. முற்றிய திறமையை மாத்திரம் தேடாது, பழகாத எம்மவர்க்கும் ஓரிடம் தாருங்கள்.

நண்பர்களே, இடம் கிடைப்பது வெற்றியன்று. கற்பதற்குக் கிடைக்கும் தவணையே அது. அதனை வீணாக்காதிருப்போமாக.