வேகமா, மேலதிகமா?



ஒரு குடும்பம் தன் வருவாயை எவ்வாறு செலவிடுகிறது என்பதைக் கொண்டே அதன் அறிவையும் அன்பையும் அளந்துவிடலாம். முன்னாளில் அந்த அளவைக்கு அரிசியும் துணியும் போதுமாயிருந்தன. இந்நாளில் வீட்டுக் கணக்கில் இணையக் கட்டணம் என்ற புதிய வரி ஒன்று ஏறியிருக்கிறது. இணையத்தின் வேகத்தைக் கூட்டிக்கொள்வதா, அல்லது இருக்கும் வேகத்தோடு அமைந்து, திரைப்படம், இசை, விளையாட்டு முதலிய கட்டணச் சேவைகளை வைத்துக்கொள்வதா என்ற கேள்வி இப்பொழுது வீடுதோறும் எழுகிறது. கேள்வி சிறிதுதான். ஆயினும், தேவை எது, ஆசை எது என்று பிரித்தறியும் பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. ஆதலின் இன்று அதனையே ஆராய்வோம்.

நான் வாழும் ஊர் பம்மல். பல்லாவரத்தை அடுத்து, விமான நிலையத்திற்கு அருகே உள்ள இவ்வூர் 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. இவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய பம்மல் சம்பந்த முதலியார் 1891ஆம் ஆண்டில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்துத் தமிழ் நாடகத்தை வளர்த்தார். அக்காலத்தில் நாடகம் பார்க்க விரும்பியவர் நாடகம் நடக்கும் இடத்திற்கே செல்ல வேண்டும். பிறகு 1938ஆம் ஆண்டில் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தோன்றியது. பாட்டும் நாடகமும் வீடு தேடி வந்தன. அதற்காக வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய காலமும் உண்டு. எனவே, வீட்டிற்குள் வரும் கலைக்கும் கல்விக்கும் கட்டணம் செலுத்துவது நமக்குப் புதிதன்று. எவ்வளவு செலுத்துவது, எதற்காகச் செலுத்துவது என்பதே கேள்வி.

இணையம் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் திறந்துவிடப்பட்டது. அன்று தொலைபேசிக் கம்பி வழியாகக் கிடைத்த வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். 2004ஆம் ஆண்டில் நடுவணரசு வகுத்த பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகமேனும் இருந்தால்தான் அதனைப் பிராட்பேண்ட் எனலாம் என்று வரையறுத்தது. 2023ஆம் ஆண்டில் அவ்வரையறை 2 மெகாபிட்டாக உயர்ந்தது. இன்று நம் தெருக்களில் நொடிக்கு 50, 100, 200 மெகாபிட் என்று விலை கூறப்படுகிறது. 50 மெகாபிட் என்பது 1995ஆம் ஆண்டின் வேகத்தைப்போல ஐயாயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. இத்துணை வேகம் வந்த பின்னும் ‘போதவில்லை’ என்ற குரல் ஓயவில்லை. ஏன் என்பதைச் சிறிது கணக்கோடு பார்ப்போம்.

முதலில் சொற்களைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். வேகத்தை மெகாபிட் என்றும், கோப்பின் அளவை மெகாபைட் என்றும் கூறுவர். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே நொடிக்கு 50 மெகாபிட் என்றால், நொடிக்கு 6.25 மெகாபைட் வரும் என்று பொருள். விளம்பரத்தில் ‘50 மெகாபிட் வரை’ என்றிருப்பின், அந்த ‘வரை’ என்ற சொல்லையும் படிக்க வேண்டும். அது மேல் எல்லையைக் குறிக்கிறதேயன்றி எப்போதும் கிடைக்கும் அளவைக் குறிப்பதன்று. மாதத்தில் குறிப்பிட்ட அளவு பயன்படுத்திய பின் வேகம் குறைக்கப்படும் என்ற நிபந்தனை உண்டா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, நமக்கு வேண்டும் வேகம் யாது? உயர்தரப் படம் ஒன்றைத் தடையின்றிப் பார்க்க நொடிக்கு 5 மெகாபிட் போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே தன் பயனர்க்குக் கூறுகிறது. மிகப் பெரிய தொலைக்காட்சியில் மிக நுண்ணிய தரத்தில் காண்பதற்கு 15 மெகாபிட் வேண்டும். காணொளி வகுப்பிற்கும் அலுவலகக் கூட்டத்திற்கும் 4 மெகாபிட் அளவில் வேலை நடந்துவிடும். செய்தி படிக்கவும் கடிதம் அனுப்பவும் ஒரு மெகாபிட்டே மிகுதி.

எங்கள் வீட்டையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். நானும் என் மனைவியும், மகனும் மருமகளும், பேரப் பிள்ளைகள் இருவருமாக ஆறு பேர். எங்களுக்கு 50 மெகாபிட் இணைப்பும் அதனோடு ஐந்து கட்டணச் சேவைகளும் இருந்தன. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பேரனுக்கு மாலை வகுப்பு அடிக்கடி நின்று நின்று வந்தது. அப்பொழுது, அதே கட்டணத்தில் கட்டணச் சேவைகளை விட்டுவிட்டால் 200 மெகாபிட் கிடைக்கும் என்ற செய்தி வந்தது. பேரன் வேகமே வேண்டும் என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அது தேர்வு ஆண்டு. அந்த ஐந்து சேவைகளுள் ஒன்றை நாள்தோறும் பயன்படுத்துபவர் என் மனைவி. முழங்கால் வலியால் வெளியே செல்வது குறைந்துபோன அவருக்குப் பழைய திரைப்படங்களும் பாட்டுமே பிற்பகல் துணை. அவரோ, “எனக்கு எதற்கு இதெல்லாம்? குழந்தையின் படிப்புக்கு ஆகட்டும். என் படத்தை நிறுத்திவிடுங்கள்,” என்று கூறிவிட்டார்.

விட்டுக்கொடுக்க ஒருவர் முன்வந்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால், அவர் விட்டுக்கொடுப்பதனால் மற்றவர்க்கு உண்மையிலேயே நன்மை விளையுமா என்று ஆராயாமல் அதனை ஏற்றுக்கொள்வது அறமாகாது. ஆகவே முடிவை ஒரு வாரம் தள்ளிவைத்து, பேரனையே ஒரு குறிப்பேடு எழுதச் செய்தேன். யார், எந்த நேரத்தில், எந்த அறையில், எதற்காக இணையத்தைப் பயன்படுத்தினர் என்று ஏழு நாளும் அவன் எழுதினான்.

அக்குறிப்பேடு இரண்டு உண்மைகளை வெளிப்படுத்தியது. இரவு எட்டு மணியே எங்கள் வீட்டில் நெரிசல் மிக்க வேளை. அப்பொழுது பேரனின் வகுப்புக்கு 4, மருமகளின் அலுவலகக் கூட்டத்திற்கு 4, பாட்டியின் படத்திற்கு 5, பேத்தியின் காணொளிக்கு 5, கைபேசிகளுக்கும் பிறவற்றிற்கும் 7 எனக் கூட்டினால் 25 மெகாபிட். இருக்கும் வேகத்தில் அது பாதிதான்! வகுப்பு நின்ற நாள்களை நோக்கினால், அவன் பின்கட்டு அறையில் அமர்ந்த நாள்களாகவே இருந்தன. முன்கூடத்தில் அமர்ந்த நாள்களில் வகுப்பு நிற்கவில்லை. குறை தெருவிலிருந்து வரும் இழையில் இல்லை, வீட்டுச் சுவரில் இருந்தது என்பது புலனாயிற்று.

வைஃபை அலைகளுள் வீடுகளில் பரவலாகப் பயன்படுவன இருவகை. 5 கிகாஹெர்ட்சு அலை மிகுந்த வேகம் தரும். ஆனால் சுவர்களைக் கடக்கும்போது மிக நலிந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்சு அலை சற்றுத் தொலைவு செல்லும். ஆனால் வேகம் குறைவு, அண்டை வீட்டு அலைகளும் அதில் வந்து மோதும். எங்கள் ரூட்டர் வாயிற்பக்க மூலையில், இரும்பு அலமாரிக்குப் பின்னால் இருந்தது. அதனை நடுக்கூடத்தில் உயரமான இடத்திற்கு மாற்றினோம். பேரனின் மேசைக்கு ஒரு கம்பியும் இழுத்தோம். வகுப்பு நிற்பது அன்றோடு ஒழிந்தது. 200 மெகாபிட் வாங்கியிருந்தாலும் அந்த அலமாரியும் சுவரும் அங்கேயே இருந்திருக்கும் அன்றோ?

குறிப்பேடு காட்டிய இரண்டாம் உண்மை கட்டணச் சேவைகளைப் பற்றியது. ஐந்தில் மூன்றை அவ்வாரத்தில் எவரும் திறக்கவே இல்லை. ஒன்றை ஒரு முறை திறந்தனர். பாட்டியின் சேவை ஒன்றே நாள்தோறும் பயன்பட்டது. ‘இலவசமாகச் சேர்த்துத் தருகிறோம்’ என்ற சொல்லில் மயங்குவது மனித இயல்பு. கட்டாகக் கட்டித் தரும்போது ஒவ்வொன்றின் விலையும் மறைந்துவிடுகிறது. சென்னை மக்களுக்கு இப்பாடம் பழையது. 2003ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னையில், கட்டண அலைவரிசைகளைக் காண விரும்புவோர் தனிப் பெட்டி வாங்க வேண்டும் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. ‘இவ்வலைவரிசைக்கு இவ்வளவு’ என்று விலை தனியே தெரிந்தவுடன், பெட்டி வாங்காமல் இலவச அலைவரிசைகளோடு அமைந்தவர் பலர். விலை கண்ணுக்குத் தெரியும்போது தேவையும் தெளிவாகிறது.

இப்பொழுது பணக் கணக்கிற்கு வருவோம். கட்டணச் சேவை ஒன்றும் இல்லாத 50 மெகாபிட் இணைப்பு, நாங்கள் செலுத்திவந்த தொகையினும் மாதம் 300 ரூபாய் குறைவு. அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி 54 ரூபாய். ஆக வேறுபாடு 354 ரூபாய். இதனை வேகத்திற்குக் கொடுத்தால் நமக்குக் கிடைப்பது என்ன? 1,000 மெகாபைட் அளவுள்ள பாடக் கோப்பு 50 மெகாபிட் வேகத்தில் 160 நொடியில் வந்து சேரும்; 200 மெகாபிட் வேகத்தில் 40 நொடியில் வரும். மிச்சம் 120 நொடி, அதாவது 2 நிமிடம். நாள்தோறும் ஒரு கோப்பு எனினும் 30 நாளில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் நாம் கைகட்டிக் காத்திருக்கப் போவதில்லை; கோப்பு வரும்போது வேறு பாடம் படிக்கலாம். ஓய்வூதியத்தில் வாழும் வீட்டிற்கு இது சிக்கனமான வாணிகமன்று.

ஆகவே நாங்கள் செய்த முடிவு இது: 50 மெகாபிட் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டோம். கட்டாக வந்த ஐந்து சேவைகளையும் விட்டோம். பாட்டியின் சேவை ஒன்றை மட்டும், வரி உட்பட மாதம் ஏறத்தாழ 100 ரூபாய்க்குத் தனியே பெற்றோம். மாதம் 250 ரூபாய் மிஞ்சுகிறது. ஆண்டுக்கு அது 3,000 ரூபாய். பேரனின் நூல்களுக்கு உதவும் தொகை. அவன் படிப்பும் தடைப்படவில்லை. அவன் பாட்டியின் பிற்பகலும் பறிபோகவில்லை.

இதனைக் கேட்டு, வேகத்தைக் கூட்டுவதே வீண் என்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. வீட்டில் நால்வர் ஒரே வேளையில் காணொளிக் கூட்டத்தில் இருப்பின், பெரிய படக் கோப்புகளை நாள்தோறும் அனுப்பும் தொழில் இருப்பின், வேகம் அவர்களுக்குத் தொழிற்கருவி. அதற்குக் கொடுப்பது செலவன்று, முதலீடு. அத்தகையோர் பதிவிறக்க வேகத்தோடு பதிவேற்ற வேகத்தையும் கேட்டறிய வேண்டும். கம்பியால் இணைத்து அளந்து பார்த்தபின்னும் நெரிசல் வேளையில் வேகம் தேவைக்குக் குறைவாகவே இருந்தால், அப்பொழுது தயங்காமல் உயர்த்தலாம். முறை இதுதான்: முதலில் அளவு, அடுத்துக் காரணம், அதன் பின்னரே செலவு.

திருக்குறளில் தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதனை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுவதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் வீட்டில் இத்தகைய கேள்வி எழும்போது ஏழு நாள் குறிப்பேடு ஒன்று எழுதிப் பாருங்கள். அதில் உரக்கக் கேட்பவரின் தேவையை மட்டும் எழுதாமல், ஒன்றும் கேளாமல் இருப்பவரின் தேவையையும் எழுதுங்கள். ‘எனக்கு வேண்டாம்’ என்று தாயும் பாட்டியும் சொல்வதைக் கணக்கில் சுழியம் என்று போட்டுவிடாதீர்கள். எண்ணறிவும் இரக்கமும் சேர்ந்து இட்ட கணக்கே சரியான கணக்கு.