விறகுக் கொதிகலனும் அழுத்தமும்



நம் நாட்டில் வெந்நீரின் வேலை பெரும்பாலும் குளியலறையோடு முடிந்துவிடுகிறது. ஆஸ்திரியா, சுவீடன் முதலிய குளிர்நாடுகளில் அதன் கடமை பெரிது. கடுங்குளிர் மாதங்களில் வீட்டின் நிலவறையில் விறகை எரித்து, கொதிகலனில் நீரைச் சூடாக்கி, குழாய்களின் வழியே ஒவ்வோர் அறைக்கும் அனுப்புகிறார்கள். அறையிலுள்ள ரேடியேட்டரில் வெப்பத்தை இறக்கிவைத்துவிட்டு, அந்நீர் மீண்டும் கொதிகலனுக்கே திரும்புகிறது. இவ்வாறு மூடிய வழியில் ஒரே நீர் சுற்றிவரும் அமைப்பில் அழுத்தம் ஏன் கெடுகிறது, கெட்டால் காரணத்தை எவ்வாறு கண்டறிவது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அளவை அறிந்துகொள்வோம். ஏறத்தாழ 10 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் தன் அடியில் செலுத்தும் அழுத்தமே ஒரு பார். இரண்டு மாடி வீட்டின் உச்சிவரை நீர் நிற்கவேண்டுமானால், குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை போதும். சூடேறியபின் அது 2 பார் அளவுக்கு உயர்வது இயல்பு. பெரும்பாலான வீடுகளில் 3 பாரை எட்டியதும் காப்பு வால்வு திறந்து நீரை வெளியேற்றும். சில அமைப்புகளில் 2.5 பாரிலேயே திறக்கும்.

அழுத்தம் உயர்வது ஏன்? சூடேறினால் நீர் விரிகிறது. 1000 லிட்டர் நீரை 10 பாகையிலிருந்து 90 பாகைக்குச் சூடாக்கினால் சுமார் 35 லிட்டர் பெருகும். நீரை அமுக்கிச் சுருக்க இயலாது. ஆகவே பெருகிய நீருக்கு இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவது விரிவுக்கலம். அதன் நடுவே ஒரு ரப்பர்ச் சவ்வு. ஒருபுறம் நீர், மறுபுறம் காற்று. நீர் விரியும்போது காற்று சுருங்கி இடங்கொடுக்கிறது.

இனி நோய்க்குறிகளைப் பார்ப்போம். அடுப்பு மூண்டவுடன் முள் விரைந்தேறுகிறது. காப்பு வால்வு சொட்டுகிறது. இரவில் நெருப்பு தணிந்ததும் முள் மிகவும் இறங்கிவிடுகிறது. இது விரிவுக்கலம் செயலிழந்ததன் அறிகுறி. அமைப்பு நன்கு ஆறியபின், கலத்தின் காற்று வால்விலுள்ள ஊசியைச் சற்றே அழுத்திப் பார்க்கவேண்டும். நீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, கலத்தை மாற்றவேண்டும். காற்று மட்டும் வந்தாலோ ஒன்றும் வராவிட்டாலோ, காற்று குறைந்திருக்கலாம். நீர்ப்பக்கத்து அழுத்தத்தை முற்றிலும் இறக்கிய பின்னரே காற்றின் அளவைப் பார்த்து நிரப்பவேண்டும். அது குளிர்நிலை அழுத்தத்திற்குச் சற்றுக் குறைவாக இருப்பது முறை. வெந்நீரைச் சேமிக்கப் பெரிய தொட்டியொன்றைப் புதிதாகச் சேர்த்தவர், பழைய கலம் அவ்வளவு நீருக்கும் போதுமா என்று கணக்கிடவேண்டும்.

இரண்டாவது குறி, சூடானாலும் ஆறினாலும் அழுத்தம் நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைவது. எங்கோ கசிகிறது என்பது இதன் பொருள். சூடான குழாயில் துளி உடனே உலர்ந்துவிடும். துருவோ வெண்கறையோ மட்டும் எஞ்சும். ஆகவே ஆறிய நிலையில் இணைப்புகளைத் தடவிப் பார்க்கவேண்டும். காப்பு வால்வின் வாயையும் பார்க்கவேண்டும். ஒரு துகள் இடையில் சிக்கினாலே அது சரியாக மூடாது. புதிதாக நீர் நிரப்பிய சில நாட்களில், கரைந்திருந்த காற்று வெளியேறுவதால் அழுத்தம் சற்றே குறைவது நோயன்று.

மூன்றாவது, நெருப்பில்லாதபோதும் முள் ஏறுவது. நீர் நிரப்பும் குழாயின் அடைப்பு முழுதும் மூடாமல், ஊர்க்குழாயின் நீர் உள்ளே நுழைகிறது என்று ஐயுறலாம். அந்த இணைப்பைக் கழற்றிவிட்டால் உண்மை தெரியும். அதன் பின்னும் ஏறினால், குளியல் நீரைச் சூடாக்கும் சுருள்குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம். இவற்றுக்கெல்லாம் முன்பாக, முள் தன் இடத்திலேயே சிக்கி நிற்கவில்லை என்று மற்றோர் அழுத்தமானியால் உறுதிசெய்வது நலம்.

குறைந்தபோதெல்லாம் நீரை நிரப்புவது மருந்தாகாது. ஒவ்வொரு புது நீரும் ஆக்சிஜனையும் சுண்ணத்தையும் கொண்டுவருகிறது. ஒன்று இரும்பைத் துருவாக்கும், மற்றொன்று உட்சுவரில் படியும்.

எண்ணெய் அடுப்பை நொடியில் அணைக்கலாம். அடுக்கிய விறகோ எரிந்து தீர்ந்தே அடங்கும். மின்சாரம் நின்று பம்பு ஓயுமானால் வெப்பத்திற்குப் போக்கிடமில்லை. அப்போது காற்று வழியை மூடவேண்டும். அடுப்பின் கதவைத் திறக்கலாகாது. நீர் வற்றிக் காய்ந்த கொதிகலனில் குளிர்நீரைப் பாய்ச்சுவது பெருந்தீங்கு. இத்தகைய வேளைக்காகவே, ஏறத்தாழ 95 பாகையில் தானே திறந்து, சுருள்குழாயில் குளிர்நீரை ஓடவிடும் வெப்பக் காப்பு வால்வு உண்டு. அது வேலை செய்கிறதா என்று ஆண்டுதோறும் சோதிக்கவேண்டும்.

சொட்டும் காப்பு வால்வை அடைத்துவிடலாம் என்ற எண்ணம் சிலருக்கு எழும். அதைவிடக் கேடான செயல் இல்லை. 3 பார் அழுத்தத்தில் நீர் 140 பாகையைக் கடந்தே கொதிக்கும். அந்நிலையில் கலம் வெடித்தால், நீரின் ஒரு பகுதி கணத்தில் ஆவியாகி வீட்டையே தகர்க்கும். டெனி பாப்பேன் 1679இல் தம் ஆவிப் பாத்திரத்தோடு காப்பு வால்வையும் அமைத்தது இந்த அச்சத்தால்தான். அமெரிக்காவின் பிராக்டன் நகரில் 1905 மார்ச் 20 அன்று காலணித் தொழிற்சாலையின் நீராவிக் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். தகட்டின் இணைப்பில் மறைந்திருந்த விரிசல் அதன் காரணமாகக் கருதப்பட்டது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1907இல் கொதிகலன் சட்டம் இயற்றியது. கண்ணுக்குப் புலப்படாத குறையைத் தேர்ந்த வல்லுநரே காணமுடியும் என்பது அந்நிகழ்ச்சி தந்த பாடம்.

ஆகவே விறகுக் கொதிகலன் வைத்திருப்போர் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்க. வாரம் ஒருமுறை, ஆறியபோது எத்தனை, சூடேறியபோது எத்தனை என்று எழுதி வருக. இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம் வாரந்தோறும் விரிந்துகொண்டே போனால், வால்வு சொட்டத் தொடங்குவதற்கு முன்பே விரிவுக்கலத்தைச் சோதிக்கலாம். பனிக்காலத்தின் நடுவில் அடுப்பை அணைக்க நேர்வதைவிட, கோடையில் ஒருநாள் செலவிட்டுப் பழுதுபார்ப்பது எளிது.